நீ வீசும் ஒவ்வொரு பந்தும் ஒரு குதிப்புதான்

கேள்வி: சார், எனக்கு 17 வயது. தூத்துக்குடி மாவட்டம். வலது கை வேகப்பந்து வீசுகிறேன். உயரம் 176 செ.மீ., எடை 58 கிலோ. மூன்று மாதத்தில் லீக் மேட்ச் தொடங்குகிறது. லைன் நன்றாக இருக்கிறது, வேகம்தான் போதவில்லை என்கிறார் கோச். அதனால் வீடியோ பார்த்து, இரண்டு மாதமாகத் தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் 300 தடவை குதிக்கிறேன். வாரம் நான்கு நாள் நெட்ஸில் பத்துப் பத்து ஓவர் போடுகிறேன். ஆரம்பத்தில் கால் லேசானது போல இருந்தது. இப்போது இடது முழங்கால் சில்லுக்குக் கீழே வலிக்கிறது. ஓட ஆரம்பித்ததும் குறைகிறது, மறுநாள் காலையில் படி இறங்கும்போது மறுபடி பிடிக்கிறது. வெயிட் தூக்கினால் உயரம் நின்றுவிடும், உடம்பு இறுகிப்போகும் என்று அப்பா ஜிம்முக்கு விட மறுக்கிறார். குதிப்பதைத் தொடரலாமா? கடற்கரை மணலில் குதித்தால் நல்லதா? வேகம் கூட என்ன செய்ய வேண்டும்?

பதில்:

தம்பி,

மாடியில் குதிப்பதை இன்றே நிறுத்து. மூன்று வாரத்துக்கு ஒரு குதி கூட வேண்டாம். குதிப்புப் பயிற்சியே தப்பு என்று நினைத்துவிடாதே. வேகப்பந்து வீசுகிறவனுக்கு அது அவசியம், என்னிடம் பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு நானும் கொடுக்கிறேன். ஆனால் நீ குதிக்கிற அளவு, இடம், நேரம் எல்லாமே உன் முழங்காலுக்கு எதிராக இருக்கின்றன.

நீயே கணக்குப் போட்டுப் பார். வாரத்துக்கு ஆறு நாள் என்று வைத்தாலும் 1800 குதி. நெட்ஸில் 40 ஓவர், அதாவது 240 பந்து. பந்து வீசுவதை நீ குதிப்புக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டாய். சேர்த்தே ஆக வேண்டும். ஓடி வந்து கிரீஸில் எகிறி, முதலில் வலது கால், அடுத்து இடது கால் என்று இறங்குகிறாயே, அது பெட்டி மேல் எகிறி ஏறும் எந்தப் பாக்ஸ் ஜம்ப்பையும் விடக் கடுமையான குதிப்பு. முன்கால் தரையில் அடிக்கும் அந்த நொடித் துணுக்கில், உடல் எடையைப் போல ஐந்து முதல் எட்டு மடங்கு விசை அந்த ஒரு காலில் ஏறுகிறது. 58 கிலோ எடைக்கு அது 290 கிலோவுக்குக் குறையாது, 460 கிலோவையும் தொடலாம். உனக்கு வலிப்பது இடது முழங்கால். வலது கைப் பௌலருக்கு முன்கால் இடதுகால்தான். எங்கிருந்து வந்த வலி என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

வீரர்களின் குதிப்புப் பயிற்சித் திட்டத்தில் குதிகளை எண்ணித்தான் கொடுப்போம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஒரு நாளைக்கு 80 முதல் 100 தடவை கால் தரையில் படலாம். அதுவும் வாரத்துக்கு இரண்டே நாள், நடுவில் குறைந்தது 48 மணி நேர ஓய்வோடு. நீ அதைப் போல ஒன்பது மடங்குக்கு மேல், சிமென்ட் தளத்தில், பந்து வீசிக் களைத்த காலோடு செய்துகொண்டிருக்கிறாய். ஆரம்பத்தில் கால் லேசானது உண்மைதான்; நரம்பும் தசையும் சீக்கிரம் பழகிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் அப்படிப் பழகாது. அதற்கு மாதக்கணக்கில் நேரம் வேண்டும். வலி இரண்டாவது மாதத்தில் எட்டிப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

குதிப்பு பௌலருக்கு என்ன செய்கிறது என்று புரிந்தால், எவ்வளவு வேண்டும் என்பதும் புரியும். பந்து வேகமாகப் போவதற்கு நான்கு விஷயங்கள் முக்கியம். ரன் அப்பில் வரும் வேகம். முன்கால் இறங்கியதும் முழங்கால் மடங்கிச் சரியாமல் விறைப்பாக நிற்பது. மேலுடம்பு முன்னோக்கி மடிவது. கை அவசரப்படாமல் கடைசியில் வருவது. ஓடும் சைக்கிளில் முன்பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் ஓட்டுகிறவர் கைப்பிடிக்கு மேல் தூக்கி எறியப்படுவாரே, உன் முன்கால் செய்ய வேண்டிய வேலை அதுதான். ஓடி வந்த வேகம் முழுவதையும் அது மறிக்கும்போது, அந்த வேகம் இடுப்பு, தோள் வழியாக ஏறிக் கைக்குப் போகிறது. முழங்கால் தொய்ந்து மடங்கினால் அந்த வேகத்தில் ஒரு பகுதி காலிலேயே கரைந்துவிடும்.

இதற்குக் கிடைக்கும் அவகாசம் எவ்வளவு தெரியுமா? முன்கால் தரையைத் தொட்டதிலிருந்து பந்து கையை விட்டுப் போகும் வரை ஏறத்தாழ 0.1 விநாடி. ஒரு தசை தன் முழுப் பலத்தையும் காட்ட 0.3 விநாடிக்கு மேல் ஆகும். ஆகவே ஜிம்மில் எவ்வளவு தூக்குகிறாய் என்பது மட்டும் போதாது. இருக்கும் பலத்தை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறாய் என்பதும் வேண்டும். அந்தச் சீக்கிரத்தைக் கொடுப்பது குதிப்பு, எடுக்க வேண்டிய பலத்தைக் கொடுப்பது வெயிட். பலமே இல்லாத காலை எவ்வளவு குதிக்க வைத்தாலும் சீக்கிரமாக எடுக்க அங்கே ஒன்றும் இருக்காது. 176 செ.மீ. உயரத்துக்கு 58 கிலோ என்பது ஒல்லியான உடம்பு. உனக்கு இப்போது முதல் தேவை பலம்.

அடுத்த பகுதியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டு.

ஐயா, வெயிட் பயிற்சியால் பிள்ளைகளின் வளர்ச்சி நின்றுபோகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தெரிந்தவர் பக்கத்தில் இருந்து, முறை சரியாகக் கற்று, எடையைப் படிப்படியாகக் கூட்டினால் வளரும் வயதிலும் பாதுகாப்பாகச் செய்யலாம். அடிபடுவது பெரும்பாலும் யாரும் பார்க்காத நேரத்தில், போட்டி போட்டுத் தாங்காத எடையைத் தூக்கும்போதுதான். உடம்பு இறுகிப்போகும் என்ற பயமும் வேண்டாம். மூட்டு முழுதாக மடங்கி நீளும்படி செய்தால் வளைவுத்தன்மை கூடவே செய்யும். உங்கள் மகன் பந்து வீசும்போது அவனுடைய இடதுகால் 300 கிலோ போல வாங்குகிறது. 20 கிலோ சாக்கைத் தோளில் வைத்து அவன் பஸ்கி எடுப்பது அந்த அடியைத் தாங்குவதற்கான தயாரிப்பு. அதைச் செய்யாமல் பந்து வீச அனுப்புவதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

தம்பி, இனி உனக்கு.

முதல் மூன்று வாரம் முழங்காலை ஆற்றுவதும் பலத்துக்கு அடித்தளம் போடுவதும். நீ சொல்லும் அடையாளங்கள் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் நோவோடு பொருந்துகின்றன. நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது, அதனால் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை காட்டிவிடு. வீங்கியிருந்தாலோ, மூட்டு மாட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது கால் விட்டுப்போனாலோ காத்திருக்காமல் எலும்பு மருத்துவரிடம் போ. அதெல்லாம் இல்லை என்றால், சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி 45 விநாடி நில். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஓய்வெடுத்து ஐந்து தடவை செய். தினமும் செய்யலாம். வலியைப் பத்துக்கு எத்தனை என்று நீயே மதிப்பிடு. மூன்று வரை பரவாயில்லை, மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். மறுநாள் கூடியிருந்தால் முந்தைய நாள் செய்தது அதிகம் என்று அர்த்தம். அந்தப் படி இறங்கும் சோதனை நல்ல அளவுகோல், தினமும் அதையே பார். முழு ஓய்வு எடுத்தால் வலி போகும், ஆனால் தசைநாண் இன்னும் பலவீனமாகி, ஓட ஆரம்பித்ததும் வலி திரும்பி வரும். அளவான சுமைதான் அதற்கு மருந்து.

பலப் பயிற்சி வாரத்துக்கு மூன்று நாள். ஜிம் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் மணல் நிரப்பிய சாக்கு போதும். எடையைப் பிடித்துக்கொண்டு ஸ்குவாட், அதாவது பஸ்கி, எட்டு எட்டாக மூன்று தடவை. ஒரு காலை முன்னால் வைத்து இறங்கி எழும் லஞ்ச், இரண்டு காலுக்கும். இடுப்பை மடித்து எடையைத் தரையிலிருந்து எடுக்கும் டெட்லிஃப்ட். இதை மட்டும் தெரிந்தவர் இல்லாமல் தொடங்காதே. படி விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது. ஒவ்வொரு காலிலும் இடைவிடாமல் 25 வந்தால் கெண்டைக்கால் தயார். ஒரு முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் உடம்பை நேராகத் தாங்கும் பிளாங்க், தண்டால், கம்பியில் தொங்கி எழுவது. எந்தச் செட்டிலும் இன்னும் இரண்டு முடியும் என்கிற இடத்தில் நிறுத்து. அடுத்த வாரம் கொஞ்சம் எடை கூட்டு.

ஹாம்ஸ்ட்ரிங் என்கிற தொடைப் பின்தசைக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். முட்டி போட்டு நில், நண்பன் கணுக்காலை அழுத்திப் பிடிக்கட்டும், நீ உடம்பை நேராக வைத்துக்கொண்டு மெதுவாக முன்னால் சாய்ந்து, தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்று. இதற்கு நார்டிக் என்று பெயர். தொடைப் பின்தசை கிழிவதைப் பெருமளவு தடுக்கும் என்று நன்றாக நிரூபணமான பயிற்சி இது. வாரத்தில் இரண்டு நாள், முதலில் ஐந்து ஐந்தாக இரண்டு செட் போதும். மறுநாள் கடுமையாக நோகும், பயப்படாதே.

நான்காவது வாரம் படி இறங்கும்போது வலி இல்லை என்றால் குதிப்பைத் தொடங்கலாம். அப்போதும் முதலில் கற்க வேண்டியது இறங்குவதுதான். 30 செ.மீ. உயர ஸ்டூலில் நின்று, எகிறாமல் சும்மா காலை எடுத்து வைத்து இறங்கு. இரண்டு காலும் ஒன்றாகத் தரையைத் தொட வேண்டும். தொட்டதும் இரண்டு விநாடி சிலை மாதிரி நில். நண்பனை எதிரில் நிற்க வைத்து செல்போனில் எடுக்கச் சொல். மெதுவாக ஓட்டிப் பார்த்தால், முழங்கால் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாய்கிறதா, பாதத்துக்கு நேராக நிற்கிறதா என்று தெரியும். உன் வயதுப் பையன்களில் பலருக்கு இடதுகாலோ வலதுகாலோ ஒன்று உள்ளே விழும். காதையும் தீட்டிக்கொள்: தொப்பென்று சத்தம் வந்தால் எலும்பும் மூட்டும் அடியை வாங்குகின்றன, சத்தம் அடங்கினால் தசை வாங்குகிறது. பத்துக்குப் பத்தும் சத்தமில்லாமல் நேராக இறங்கும் வரை அடுத்த படிக்குப் போகாதே. இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். நான் அதிக நேரம் செலவழிப்பதும் இங்கேதான்.

அதன் பிறகு முழங்காலை மடக்காமல் கணுக்காலால் மட்டும் துள்ளுவது, நின்ற இடத்திலிருந்து நீளத் தாண்டி இறங்கி நிற்பது, கணுக்கால் உயரத் தடைகளை வரிசையாகத் தாண்டுவது. எட்டாவது வாரம் போல, மான் துள்ளுவது போல ஒரு காலிலிருந்து மறு காலுக்குத் தாவி ஓடுவதும், ஒற்றைக் காலில் குதித்து அதே காலில் இறங்குவதும். பௌலருக்கு ஒற்றைக் கால் குதிப்புதான் கடைசியில் உதவும், ஏனென்றால் கிரீஸில் இரண்டு காலில் யாரும் இறங்குவதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள், 60 குதியில் தொடங்கி 100க்கு மேல் போகாதே. வார்ம் அப் முடிந்து உடம்பு புதிதாக இருக்கும்போது முதலில் குதி, பிறகு வெயிட். ஒவ்வொரு செட்டுக்கும் நடுவில் மூச்சு முழுவதும் அடங்கட்டும். வியர்த்து மூச்சிரைக்கக் குதித்தால் அது வேகப் பயிற்சியாக இல்லாமல் தாங்குதிறன் பயிற்சியாகிவிடும். களைத்த கால் தரையில் அதிக நேரம் நின்று கிளம்பவே பழகும். சிமென்ட் தளம் வேண்டாம். புல் மைதானமோ சமனான மண் தரையோ நல்லது, ஷூ போட்டுக்கொள்.

வீடியோக்களில் வரும் இரண்டு விஷயங்களை நம்பாதே. ஒன்று, இடுப்பு உயரப் பெட்டியில் ஏறும் பாக்ஸ் ஜம்ப். அது நீ முழங்காலை நெஞ்சு வரை எவ்வளவு மடக்குகிறாய் என்பதைத்தான் காட்டுகிறது; இடுப்பு எவ்வளவு மேலே போனது என்பதே உண்மையான குதிப்பு. பெட்டி விளிம்பில் முழங்காலுக்குக் கீழ் தோல் கிழிந்து வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, உயரத்திலிருந்து இறங்கி அதே வேகத்தில் எகிறும் டெப்த் ஜம்ப். சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி 1960களில் தடகள வீரர்களுக்காக உருவாக்கிய முறை அது. ஏற்கெனவே பலம் ஏறிய உடம்புக்கு, எண்ணி அளந்து கொடுக்க வேண்டியது. இந்த மூன்று மாதத்தில் உனக்கு அது தேவையில்லை.

மணல் கேட்டிருந்தாய். உன் ஊர் கடற்கரை நல்ல வசதிதான். மணல் அடியை வாங்கிக்கொள்ளும், கெண்டைக்காலும் தொடையும் நன்றாக உழைக்கும். முழங்கால் தேறி வரும் நான்காவது, ஐந்தாவது வாரத்தில் மெதுவோட்டமும் சின்னக் குதிப்பும் அங்கே செய்யலாம். ஆனால் மணல் கால் கீழே புதைவதற்கு இடம் கொடுக்கிறது, கால் தரையில் தங்கும் நேரம் நீள்கிறது. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது. அதனால் பிந்திய வாரங்களில் உறுதியான தரைக்கு வந்துவிடு.

இப்போது முழங்காலை விட எனக்குப் பெரிதாகத் தோன்றும் ஒன்று. முதுகு. உன் வயது வேகப்பந்து வீச்சாளர்களை வருடக்கணக்கில் உட்கார வைப்பது கீழ்முதுகு எலும்பில் வரும் அழுத்த முறிவு, அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் வரும் விரிசல். முதுகெலும்பு முழுதாக முற்ற இருபது வயதுக்கு மேலும் ஆகிறது. ஆஸ்திரேலியாவின் பேட் கம்மின்ஸ் 2011இல் 18 வயதில் டெஸ்ட் ஆடத் தொடங்கியவர். முதுகுப் பிரச்சினைகளால் அடுத்த டெஸ்ட் ஆட 2017 ஆகிவிட்டது. ஜஸ்பிரித் பும்ராவுக்கு 2023இல் முதுகில் அறுவை சிகிச்சையே செய்ய வேண்டியிருந்தது. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு 1973இல் முதுகெலும்பு முறிந்தபோது ஆட்டமே முடிந்தது என்றார்கள். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வி நிபுணர் ஃபிராங்க் பைக் வகுத்த பயிற்சியைப் பொறுமையாகச் செய்து, 1974-75 ஆஷஸில் மறுபடி வேகமாக வீசினார். அதே லில்லிதான் 1987இல் சென்னையில் தொடங்கிய எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷன் என்ற பயிற்சி மையத்தில் 2012 வரை வேகப்பந்து வீச்சாளர்களை உருவாக்கினார். ஸ்ரீநாத்தும் ஜாகீர் கானும் அங்கே பயின்றவர்கள். பௌலருக்கு ஓட்டமும் நெட்ஸும் போதும், உடம்பைத் தனியாகக் கட்ட வேண்டாம் என்று நம் ஊரில் யாராவது சொன்னால், லில்லியின் கதையைச் சொல்.

உனக்கு வலது கை என்பதால் கீழ்முதுகின் இடது பக்கத்தைக் கவனி. இடதுகாலில் மட்டும் நின்று உடம்பைப் பின்னால் வளைக்கும்போது அங்கே ஒரே இடத்தில் குத்தினால், அன்றே பந்து வீசுவதை நிறுத்து. தைலம் தேய்த்துக்கொண்டு மேட்ச் ஆடாதே. இந்த முறிவு ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும், எம்ஆர்ஐ தேவைப்படலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்.

முழங்காலும் முதுகும் பிழைக்க, நெட்ஸ் கணக்கையும் மாற்ற வேண்டும். முதல் மூன்று வாரம் வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு நான்கு ஓவர், பாதி ரன் அப்பில். அந்த நேரத்தைப் பேட்டிங்குக்கும் பீல்டிங்குக்கும் கொடு. பிறகு வாரத்துக்கு மூன்று நாள் என்று வைத்து, ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. இரண்டு நாள் தொடர்ந்தால் மூன்றாம் நாள் பந்தைத் தொடாதே. ஒரு நோட்டில் தேதி போட்டு, வீசிய பந்து எத்தனை, குதித்தது எத்தனை என்று இரண்டையும் ஒரே வரியில் எழுது. பந்து கூடிய வாரத்தில் குதிப்பு குறைய வேண்டும். மேட்ச் தொடங்கிய பிறகு வாரத்துக்கு ஒரு நாள் 40 குதி, ஒரு நாள் வெயிட் என்று வைத்தால் கட்டிய பலம் கரையாது. அடியோடு விட்டால் சில வாரங்களில் போய்விடும். நோட்டைக் கோச்சிடம் காட்டு. பாய் விரித்த மேட்டிங் விக்கெட்டில் ஆடுகிறாய் என்றால், முன்கால் இறங்கும் இடத்தில் மேட் மடிந்தோ குழி விழுந்தோ இருக்கிறதா என்று ஒவ்வொரு ஸ்பெல்லுக்கு முன்னும் நீயே போய்ப் பார்த்துச் சரிசெய்துகொள்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பலம் ஏற, ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் புரதம் வேண்டும். உனக்கு நாளைக்கு 90 கிராம் போல. தூத்துக்குடியில் இருந்துகொண்டு பவுடர் டப்பா வாங்க வேண்டிய அவசியம் இல்லை. 100 கிராம் மீனில் 20 கிராம் கிடைக்கும், ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கை நிலக்கடலையில் 7 கிராம். சாளையும் நெத்திலியும் விலையிலும் கட்டுப்படியாகும். பருப்பும் தயிரும் கொண்டைக்கடலையும் சேர்த்துக்கொள். சோற்றைக் குறைக்காதே, உனக்கு எடை ஏற வேண்டும். தூக்கம் எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

வேகம் எத்தனை கிலோமீட்டர் கூடும் என்று நீ கேட்கவில்லை, ஆனால் மனதில் அதுதான் இருக்கும். மூன்று மாதத்தில் இத்தனை கூடும் என்று யார் உறுதி சொன்னாலும் பணம் கொடுத்துவிடாதே. குதிப்புப் பயிற்சி குதிக்கும் உயரத்தையும் குறுகிய ஓட்டத்தையும் கூட்டும் என்பது தெளிவாகத் தெரியும். அது பந்தில் எவ்வளவு இறங்கும் என்பது உன் ஆக்‌ஷனையும் முன்கால் நிற்கும் விதத்தையும் பொறுத்தது. அந்தப் பலம் பேட்டிங்கிலும் வெளிப்படும்: கிரீஸுக்குக் கிரீஸ் 17.68 மீட்டர், இரண்டாவது ரன்னுக்குத் திரும்பும்போது காலை ஊன்றி உடம்பை நிறுத்துவதும் அதே முன்கால் வேலைதான்.

ஆகவே பந்தின் வேகத்தை அளக்கும் ஸ்பீடு கன் தேட வேண்டாம், உன்னால் அளக்க முடிந்ததை அள. சுவரோரம் நின்று கையை உயர்த்தி விரல் நுனி எட்டும் இடத்தில் கோடு போடு. விரலில் சாக்பீஸ் தடவி, எகிறி, உச்சியில் சுவரைத் தொடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் எத்தனை செ.மீ. என்பதே உன் குதிப்பு. மூன்று தடவையில் சிறந்ததை எடுத்துக்கொள். இந்தச் சோதனையை நான்காவது வாரம், வலி இல்லாத நாளில் முதல்முறை செய். பிறகு எட்டாவது வாரமும் பன்னிரண்டாவது வாரமும். 20 மீட்டர் ஓட்டத்தையும் அதே நாளில் நண்பனிடம் நேரம் பார்க்கச் சொல். முன்கால் இறங்குவதைப் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்து வை.

பிசியோ என்ன சொன்னார் என்பதையும், நான்காவது வாரத்து அளவுகளையும் எனக்கு எழுது. எட்டாவது வாரத்துக்கு மேல் என்ன கூட்டலாம் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.